ஊர்பேர் தெரியாத பீங்கான்கள்: பழம்பொருள் சேகரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பழம்பீங்கான் சேகரிப்பாளர்களே,



காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள் நீங்கள். தட்டு கைக்கு வந்ததும் பூவேலையைப் பார்க்கும் முன் அதைக் கவிழ்த்து அடிமுத்திரையைப் பார்க்கிறவர்கள். ஜாடியின் விளிம்பை நகத்தால் சுண்டி, எழும் ஓசையை வைத்தே உள்ளே விரிசல் ஓடியிருப்பதைச் சொல்லிவிடுகிறவர்கள். நானும் உங்களில் ஒருவன். நீங்கள் எந்தக் கடையில் எதை விட்டுவிட்டு வந்து இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. நாம் பொருளைக் காப்பாற்றுகிறோம்; அது வந்த வழியைத் தொலைத்துவிடுகிறோம். எந்த ஊர், எந்த வீடு, எந்த அறை, யார் கையில் எதற்குப் புழங்கியது என்ற குறிப்பு இல்லாமல் நம் அலமாரிக்குள் வருகிற ஒவ்வொரு தட்டும் பாதி செத்துப்போய்த்தான் வருகிறது. இனி அப்படி ஒன்றும் வரக்கூடாது. இதுதான் என் வேண்டுகோள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

செட்டிநாட்டிலிருந்தே தொடங்குகிறேன். தமிழகத்தில் பழம்பீங்கான் சேகரிப்போர் யாராக இருந்தாலும் அந்த மண்ணுக்கு வராமல் இருக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940கள் வரை அங்கே எழும்பிய பெரிய வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு வந்தது, இத்தாலியிலிருந்து சலவைக்கல் வந்தது, பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி வந்தது. கடல்கடந்து கொண்டுவிக்கப் போன செட்டிநாட்டு வணிகர்கள் ரங்கூன், மோல்மேன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன், கொழும்பு என்று எங்கே கடை வைத்தார்களோ, அந்தத் துறைமுகத்துச் சந்தையின் சாமான் எல்லாம் அவர்கள் வீட்டு அறைகளில் வந்து நிறைந்தது. பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது வெள்ளி, பித்தளையோடு ஜாடியும் கோப்பையும் தட்டும் மங்கும் அடுக்காகப் போயின. கல்யாணத்தில் சாமான் பரப்பிய கூடத்தைக் கற்பனை செய்துபாருங்கள். ஸ்வீடனில் செய்த எனாமல் தூக்கும், ஆஸ்திரியாவிலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் செய்த எனாமல் பாத்திரமும், இங்கிலாந்துத் தட்டும், ஜப்பான் கோப்பையும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும். அன்றைய உலக வாணிபத்தின் வரைபடம் அந்தப் பாயில் விரிந்து கிடந்தது.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். 1930களின் பெருமந்தம், 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது உயிரோடு தப்பினால் போதும் என்று வெளியேறிய கூட்டம், 1948க்குப் பின் சுதந்திர பர்மா நிலத்தை எடுத்துக்கொண்டது, 1960களில் தொழிலும் வாணிபமும் அரசுடைமையானது. வருமானம் நின்றது; வீடுகள் நின்றன. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். பராமரிக்க யாராலும் முடியவில்லை. முதலில் அறைச் சாமான் போனது, பிறகு கதவும் தூணும் போயின, சில ஊர்களில் கடைசியில் வீடே போய்விட்டது. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இடம்பெற்றன. அதற்கு வெகு முன்பே அந்த வீடுகளின் உள்ளடக்கத்தில் பெரும்பகுதி வண்டி ஏறிவிட்டது.

அந்த வண்டிகள் நம்மிடம்தான் வந்தன. வாங்க ஆள் இருந்ததால்தான் விற்றார்கள் என்று நம்மைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. நாம் வாங்காதிருந்தால் பலதும் உடைந்து குப்பைக்குப் போயிருக்கும். ஆனால் வாங்கும்போது, 'இது எந்த ஊர், எந்த வீடு?' என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? கேட்டவர்களில் எத்தனை பேர் எழுதி வைத்தோம்?

அடிமுத்திரை இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் சொல்வீர்கள். முத்திரையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நமக்கு வாய்த்த பெரிய துணை அது. ஆங்கிலத் தட்டின் அடியில் பதிவுபெற்ற வடிவத்துக்கான வைர வடிவக் குறி இருந்தால், அந்த வடிவம் 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானது. 1884இலிருந்து அதற்குப் பதிலாகத் தொடர் எண் வருகிறது. 1891 முதல் அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததால், 'நிப்பான்' என்று மட்டும் போட்ட ஜப்பானியப் பீங்கானைப் பெரும்பாலும் அந்த ஆண்டுக்கும் 1921க்கும் இடையில் வைக்கலாம். அதன் பிறகு 'ஜப்பான்' என்றே போட வேண்டியதாயிற்று. சீனப் பேரரசர் பெயர் பொறித்த முத்திரையை மட்டும் அப்படி நம்பிவிடக் கூடாது. முன்னோர் வேலைப்பாட்டுக்கு மரியாதையாக, நூறு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பழைய பேரரசரின் பெயரையே இட்டுவந்தார்கள். அங்கே அடிவளையத்தின் மண்ணையும் தேய்மானத்தையும் நீலத்தின் ஓட்டத்தையும் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தாலும் முத்திரை பிறந்த ஊரைத்தான் சொல்கிறது. வாழ்ந்த ஊரைச் சொல்வதில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜே. அண்ட் எம்.பி. பெல் என்ற நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்கிழக்காசியச் சந்தைக்கென்றே தட்டுகள் அச்சிட்டது. சில வடிவங்களுக்கு மலாய் மொழியிலேயே பெயர் வைத்தது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் பெட்ரஸ் ரெகூ ஆலையும் அதே சந்தைக்குச் சரக்கு அனுப்பியது. பெல் தட்டு ஒன்று ஏலத்தில் தனியாகக் கிடைத்தால், அது கிளாஸ்கோ தட்டு, அவ்வளவுதான். அதே தட்டு, இன்ன ஊர் இன்ன வீட்டின் இரண்டாம் கட்டு அறையில், பினாங்கில் கடை வைத்திருந்தவர் கொண்டுவந்த பெட்டியில் இருந்தது என்று தெரிந்தால், கிளாஸ்கோவில் சுட்டு, பினாங்கில் விற்று, சிவகங்கைச் சீமையில் சோறு பரிமாறிய ஒரு முழு வாணிபத்துக்கு அது சாட்சி ஆகிறது. தட்டு ஒன்றுதான். ஒரு வரிக் குறிப்பு அதை வேறு பொருளாக்கிவிடுகிறது.

பித்தளைக்கும் வெள்ளிக்கும் இந்தச் சிக்கல் குறைவு. செட்டிநாட்டுப் பாத்திரத்தில் விலாசம் வெட்டியிருப்பார்கள். நான்கைந்து எழுத்தில் குடும்பமே அடையாளம் தெரிந்துவிடும். பீங்கானின் பளபளப்பில் அப்படி உளி வைப்பது அரிது. அதனால் அதன் ஊர்பேர் பெரும்பாலும் மனிதர் வாயில்தான் இருக்கிறது. வீட்டு ஆச்சி சொல்வார்: 'இது எங்க அப்பத்தா சீராக் கொண்டுவந்தது, இதுல வருஷா வருஷம் வடுமாங்காய் போடுவாக.' அவர் போய்விட்டால் அந்த ஜாடியின் வரலாறும் போய்விடும்.

பீங்கானின் ஊர் தெரிந்தால் என்னவெல்லாம் கிடைக்கும் என்பதற்கு இரண்டு பெரிய சான்றுகளைச் சொல்ல வேண்டும்.

ஒன்று அரிக்கமேடு. இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்டிமர் வீலர் 1944இல் சென்னை அருங்காட்சியகத்தில் மத்தியதரைக் கடல் பகுதியின் மதுச்சாடித் துண்டு ஒன்றைப் பார்த்தார். புதுச்சேரிக்கு அருகே கிடைத்தது என்ற குறிப்பு அதனோடு இருந்தது. அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு போய் 1945இல் அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தார். அங்கே கிடைத்தவற்றில் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்பு மெருகு மட்கலத் துண்டுகளும் இருந்தன. சிலவற்றில் செய்த குயவர் முத்திரை இருந்தது. அந்த மட்கலங்களின் காலம் இத்தாலியில் முன்பே கணிக்கப்பட்டிருந்தது. ஆகவே அதே மண்ணடுக்கில் அவற்றோடு கிடந்த உள்ளூர்ப் பானைக்கும் காலம் தெரிந்தது. அதை வைத்துத் தென்னிந்தியாவின் பிற அகழாய்வு இடங்களின் காலத்தையும் கணிக்க வழி பிறந்தது. பின்னாளில் விமலா பெக்லி நடத்திய அகழாய்வுகள் வீலரின் சில முடிவுகளைத் திருத்தி, அவ்வூரின் வரலாற்றை இன்னும் பழங்காலத்துக்குக் கொண்டுபோயின. அப்படித் திருத்த முடிந்ததும் எந்தத் துண்டு எந்த அடுக்கில் கிடந்தது என்று எழுதி வைத்ததால்தான். சந்தையில் அந்தத் துண்டுகளுக்குக் காலணா பெறாது. குறிப்பில்லாமல் யாரோ பொறுக்கி அலமாரியில் வைத்திருந்தால் அவை வெறும் சிவப்பு ஓடுகள்.

இன்னொன்று நம்மைப் போன்ற ஒரு சேகரிப்பாளரின் கதை. பெர்சிவல் டேவிட் 1892இல் பம்பாயில் பிறந்தவர். சீனப் பீங்கானில் அவர் சேர்த்தது சுமார் 1,700 உருப்படிகள். அவற்றில் புகழ்பெற்றவை ஒரு ஜோடி நீல-வெள்ளைக் குடுவைகள். யானைத் தலைக் கைப்பிடி வைத்தவை. வெவ்வேறு கைகளில் பிரிந்துகிடந்த அந்த இரண்டையும் தேடிச் சேர்த்தார் அவர். குடுவைகளின் கழுத்தில் ஒரு வாசகம் எழுதியிருக்கிறது: இன்னார், இன்ன கோயிலுக்கு, இன்ன ஆண்டில் காணிக்கையாகத் தந்தது என்று. ஆண்டு 1351. நீல-வெள்ளை வேலை மிங் காலத்தில்தான் இந்த உயரத்தை எட்டியது என்று நம்பியிருந்த உலகம், அதற்கு முந்தைய யுவான் காலத்திலேயே அது முதிர்ந்திருந்ததை அந்த வாசகத்தைக் கொண்டுதான் ஏற்றது. இன்று உலகெங்கும் 14ஆம் நூற்றாண்டு நீல-வெள்ளைப் பீங்கானுக்குக் காலம் சொல்கிறவர்கள் அந்த ஜோடியோடு ஒப்பிட்டே சொல்கிறார்கள். குடுவை அழகு, ஆனால் உலகத்தின் எண்ணத்தை மாற்றியது அதன் மேல் இருந்த ஊர், பேர், ஆண்டு. டேவிட் தம் சேகரிப்பை 1950இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இப்போது அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. ஒரு சேகரிப்பாளர் எப்படி வாழ வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல முன்மாதிரி அவர்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். இங்கே என் வேண்டுகோள் வேண்டுகோளாக நில்லாமல் தடையாகவே மாறுகிறது. கடற்கரையிலும் பழைய ஊர் மேடுகளிலும் பொறுக்கிய சீன ஓடுகளை வாங்காதீர்கள், பொறுக்கவும் செய்யாதீர்கள்.

இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் நடத்திய அகழாய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. பச்சை மெருகிட்ட செலடன் ஓடுகள், வெள்ளைப் பீங்கான், நீல-வெள்ளை, பழுப்பு மெருகு ஜாடித் துண்டுகள் எல்லாம் அதில் இருந்தன. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமாவும் தமிழ் ஆய்வாளர்களும் தென்னிந்தியக் கரையிலும் இலங்கையிலும் அந்த ஓடுகளைத் தேடித் தேடிப் பதிவு செய்து 2004இல் நூலாக்கினார்கள். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டிலும் சீனப் பீங்கான் கிடைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தை ஒட்டிய அல்லைப்பிட்டியில் கிடைத்த வடக்குச் சொங் காலத்துப் பீங்கான் தொகுதியை ஜான் கார்ஸ்வெல் 1970களில் ஆராய்ந்து வெளியிட்டார். சீனத்தின் ச்சுவான்ஜோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அந்தத் துறையிலிருந்து இந்தத் துறைக்கு என்ன வந்தது என்பதைக் கல்வெட்டு முழுதாகச் சொல்வதில்லை, ஓட்டுச்சில்லுதான் சொல்கிறது. எந்த ஊரில் எத்தனை சில்லு, எந்தச் சூளையில் சுட்டது, எந்த அடுக்கில் கிடந்தது என்று எண்ணித்தான் சோழர், பாண்டியர் காலக் கடல் வாணிபத்தின் ஏற்ற இறக்கத்தை ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். நாம் நல்ல பூவேலை உள்ள நாலு சில்லைப் பொறுக்கிக்கொண்டு போனால், அந்தக் கணக்கில் நாலு எண் அழிந்துவிடும். திரும்ப எழுத யாராலும் முடியாது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்து கிடைக்கும் மதிப்புள்ள எதுவும், பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருள் தொல்பொருள். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. விற்பனை செய்வோர் உரிமம் பெற வேண்டும். நூறாண்டு ஆகாத பீங்கானை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள், அது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. வெளிநாட்டில் இருக்கும் நம் நண்பர்கள் பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டிக் கொண்டுபோகும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

ஓடுகளுக்கு அடுத்து என் மனதை அதிகம் வருத்துவது சுவர்ப் பதிகற்கள். செட்டிநாட்டு முகப்பிலும் வளவிலும் சுவரின் இடுப்பளவுக்குப் பளபளவென்று புடைத்த பூக்களோடு பதிந்திருக்கும் கற்களைச் சொல்கிறேன். மஜோலிகா என்று உலகம் சொல்லும் வகை. ஆத்தங்குடிக் கல்லோடு இதைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் கண்ணாடிப் பலகைமேல் சிமெண்டும் மணலும் வண்ணமும் வார்த்துச் செய்வது, சூளைக்குப் போகாது. மஜோலிகா சுட்ட மண். உலர்ந்த களிமண் தூளை அச்சில் வைத்து அழுத்தும் முறைக்கு 1840இல் ரிச்சர்ட் பிராசர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஹெர்பர்ட் மின்டன் அதைப் பெருந்தொழிலாக வளர்த்தார். புடைப்பு அச்சின் பள்ளங்களில் வண்ண மெருகு தேங்கி அடர்ந்தும், மேடுகளில் வழிந்து மெலிந்தும் நிற்பதால்தான் ஒரே நிறத்திலேயே வெளிச்சமும் நிழலும் தோன்றுகின்றன. முதல் உலகப் போரில் ஐரோப்பியச் சரக்கு தடைப்பட்டபோது ஜப்பானிய ஆலைகள் ஆசியச் சந்தையைப் பிடித்தன. டான்டோ, சாஜி, ஃபுஜிமி ஆகிய பெயர்களைக் கல்லின் முதுகில் பார்த்திருப்பீர்கள். இந்தியச் சந்தைக்காக அவர்கள் லட்சுமியையும் சரஸ்வதியையும் கண்ணனையும் கல்லில் வார்த்தார்கள். ரவிவர்மா அச்சகத்தின் படங்கள் நம் வீட்டுச் சுவரில் தொங்கின. ஜப்பானியக் கைவினைஞர் அவற்றைப் பார்த்து அச்சு வெட்ட, அந்தப் படங்களே பீங்கானாகி நம் சுவருக்குத் திரும்பி வந்தன.

இந்தக் கற்கள் சுவரோடு பிறந்தவை. சுண்ணாம்புச் சாந்தில் பதித்த கல்லைப் பெயர்த்தால் பல உடையும். உடையாமல் வருவதும் வரிசையை இழந்து தனிக்கல்லாக வரும். பன்னிரண்டு கல் சேர்ந்தால்தான் ஒரு கொடி முடியும், ஒரு கரை வளையும் என்ற இடத்தில், நடுக்கல் ஒன்று மட்டும் சட்டம் போட்டு யாரோ ஒருவர் வரவேற்பறையில் தொங்குகிறது. நிற்கிற வீட்டிலிருந்து பெயர்த்த கல்லை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். நாம் வாங்குவது நின்றால் பெயர்ப்பது நிற்கும். இடிந்துகொண்டிருக்கும் வீடானால், இடிக்கும் முன் போய்ச் சுவரை முழுதாகப் படமெடுங்கள், வரிசையை எண் போட்டு வரைந்துகொள்ளுங்கள், பிறகு வரிசையாகவே எடுத்து வரிசையாகவே வையுங்கள். தாய்வானின் சியாயி நகரில் சேகரிப்பாளர்கள் சிலர் இடிபடும் வீடுகளிலிருந்து இதே ஜப்பானியக் கற்களை மீட்டு 2016இல் ஓர் அருங்காட்சியகமே திறந்தார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாமல் போக ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு கைபேசியும் போதும்.

வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுங்கள். அந்த எண்ணின் கீழ் எழுத வேண்டியவை: வாங்கிய நாள், வாங்கிய இடம், விற்றவர் சொன்ன ஊரும் வீடும், எந்த அறையில் இருந்தது, எதற்குப் புழங்கினார்கள், உயரம், வாய் அகலம், முத்திரை, முன்பே இருந்த கீறலும் ஒட்டும். படம் நான்கு போதும்: முன்புறம், பின்புறம், உள்புறம், அடிப்புறம். முக்கியமாக, யார் சொன்னது என்பதைப் பிரித்து எழுதுங்கள். நானே வீட்டில் கண்டது, வீட்டார் சொன்னது, கடைக்காரர் சொன்னது மூன்றும் ஒரே தராதரம் ஆகாது. 'ராஜா வீட்டுச் சாமான்' என்று கடையில் சொல்லும் கதையை அப்படியே எழுதினால் ஐம்பது வருஷம் கழித்து அது வரலாறாகிவிடும். 'கடைக்காரர் சொன்னது' என்று எழுதினால் வருங்கால ஆய்வாளர் தம் அறிவைக் கொண்டு எடைபோட்டுக்கொள்வார்.

எண்ணைப் பொருளோடு சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். பசைத்தாள் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது தங்கப்பூச்சும் மேல்வண்ணமும் கூடவே வந்துவிடும். அடிவளையத்தில் மெருகில்லாத இடத்தில் பென்சிலால் சிறியதாக எழுதலாம். அருங்காட்சியகங்களில் பாராலாய்டு பி-72 என்ற பிசினை மெல்லியதாகப் பூசி, அது காய்ந்ததும் அதன்மேல் மையால் எழுதி, மேலே இன்னொரு பூச்சுக் கொடுப்பார்கள். வேண்டும்போது அசிட்டோனால் தடமின்றித் துடைத்துவிடலாம்.

உடைந்த பீங்கானை ஒட்டவும் அதே பிசின்தான் ஏற்றது. கடையில் கிடைக்கும் அவசரப் பசையும் இருகலவை எபாக்சியும் வேண்டாம். எபாக்சி நாளாக மஞ்சளாகும். பிரித்து மறுபடி சரியாக ஒட்டவும் எளிதில் விடாது. ஒட்டு எப்போதும் பிரிக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது பழுதுபார்ப்போரின் முதல் விதி. விற்கும்போது ஒட்டை மறைக்காதீர்கள். புற ஊதா விளக்கு பிடித்தால் பிசின் வேறாக ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பது போகட்டும். மறைப்பது நம் இனத்துக்கே இழுக்கு.

கழுவும்போது பித்தளைக்குப் போடும் புளியையும் எலுமிச்சையையும் தங்கக்கரை போட்ட பீங்கானில் போடாதீர்கள். கறை போக்கும் பிளீச்சும் வேண்டாம். மெருகில் வெடிப்புள்ள மண்பாண்டம் அதை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு உள்ளிருந்தே மெருகு உதிரும். வெதுவெதுப்பான நீர், மெல்லிய சோப்பு, மென்துணி இவை போதும். பழைய வண்ண மெருகிட்ட கலத்தில் ஊறுகாயோ மோரோ புளிக்குழம்போ வைத்து உண்ணாதீர்கள். பழைய மெருகுகள் பலவற்றில் காரீயம் உண்டு. புளிப்பு அதைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும்.

வீட்டாரிடம் கேட்பது பற்றியும் ஒரு சொல். சாமானை விற்கும் குடும்பம் பெரும்பாலும் வருத்தத்தோடுதான் விற்கிறது. பெயர் வெளியே தெரிவதை விரும்பாது. அதை மதியுங்கள். பெயரை உங்கள் நோட்டில் மட்டும் வைத்துக்கொண்டு, வெளியே காட்டும்போது ஊரை மட்டும் சொல்லலாம். விலை பேசும் முன் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் பேச்சைப் பதிவு செய்யுங்கள். பழைய சீர்ப் பட்டியலோ கடைக் கணக்கோ இருந்தால் படம் எடுத்துக்கொண்டு, மூலத்தை அவர்களிடமே விட்டுவிடுங்கள். ஜாடியை விலைக்கு வாங்கினோம் என்பதற்காக ஏட்டையும் கேட்பது முறையாகாது.

கடைக்காரர்கள் வந்த இடத்தைச் சொல்லத் தயங்குவார்கள். வாடிக்கையாளர் நேரே வீட்டுக்குப் போய்விடுவார் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு, அது நியாயமானதே. அதற்கு நாம்தான் உறுதி கொடுக்க வேண்டும். ஊர் சொன்ன தட்டுக்கு ஊர் சொல்லாத தட்டைவிடக் கூடுதல் விலை கொடுங்கள். நாலு பேர் அப்படிக் கொடுக்கத் தொடங்கினால் தெரு முழுவதும் ஊர் கேட்டு எழுதி வைக்கும். சந்தையைத் திருத்தும் வலிமை சட்டத்துக்கு இருப்பதைவிட வாங்குகிறவர் கைக்கு அதிகம் இருக்கிறது.

நம் காலத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நோட்டுப் புத்தகத்தின் பிரதி ஒன்றைப் பிள்ளைகளிடமோ நண்பரிடமோ கொடுத்து வையுங்கள். தொகுதியைப் பிரித்து விற்க நேர்ந்தாலும் ஒவ்வொரு பொருளோடும் அதன் பக்கம் போகட்டும். முடிந்தவர்கள் ஓர் அருங்காட்சியகத்துக்கோ கல்லூரிக்கோ கொடுங்கள். குறிப்போடு கொடுத்தால்தான் வாங்குகிறவர்களுக்கும் அது பயன்படும்.

14ஆம் நூற்றாண்டில் ஊர் சுற்றிய இப்னு பத்தூதா, இஞ்சியும் மிளகும் எலுமிச்சையும் மாங்காயும் கடற்பயணத்துக்காக உப்பிட்டு நிரப்பிய பெரிய மர்த்தபான் ஜாடிகள் தமக்குப் பரிசாகக் கிடைத்ததை எழுதி வைத்திருக்கிறார். அந்த ஜாடிகள் இன்று இல்லை. இன்னது, இத்தனை, எதற்கு என்று அவர் எழுதியதால் அவற்றின் பயன் நமக்குத் தெரிகிறது. நம் கையில் ஜாடிகள் இருக்கின்றன, எழுத்துதான் இல்லை. ஆகவே இந்த வாரமே உங்கள் அலமாரியிலிருந்து ஒரு பொருளை எடுத்து, அதை விற்றவரையோ அந்த வீட்டுப் பெரியவரையோ தேடிப் பேசி, ஊரையும் வீட்டையும் எழுதுங்கள். அடுத்த வாரம் இன்னொன்று. சொல்லத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்